நோட்டு இருந்தால் எந்த ஆள் வந்தாலும் ஒன்றுதானா?

தாழ்வாரம்: டிமென்ஷியா (மறதி நோய்) வந்த அம்மா அப்பாவை வீட்டில் பார்த்துக்கொள்ள ஹோம் கேர் ஆள் வைப்பதைப் பற்றி நம் குழுவின் நேர்கோடு ஒரு முத்து உதிர்த்திருக்கிறார்: "தினக்குறிப்பு நோட்டு ஒழுங்கா இருந்தா தினம் ஆள் மாறினாலும் கவலையில்லை." அப்படியா ஐயா? முன்பின் தெரியாத ஒருவர் புடவையைத் தொட்டால் அந்த அம்மா அடிக்கத்தான் செய்வார். வந்த ஆள் 'முரண்டு பிடிக்கிறார்' என்று எழுதிவைப்பார். அடுத்து தூக்க மாத்திரை. உங்கள் நோட்டின் லட்சணம் இதுதான். நோட்டைவிடப் பழகின ஆள்தான் முக்கியம்.

நேர்கோடு: 'குளித்தார், சாப்பிட்டார்' என்று கிறுக்குவதற்குப் பெயர் நோட்டு இல்லை. எத்தனை மணிக்கு எவ்வளவு தண்ணீர், கடைசியாக மலம் போனது எப்போது, சிறுநீரின் நிறம், இதெல்லாம் இருக்கணும். ஒரே நாளில் குழப்பம் கூடினால் சிறுநீர்த் தொற்றா, மலச்சிக்கலா என்று டாக்டர் கேட்பார். உங்கள் பழகின முகம் பதில் சொல்லுமா?

தாழ்வாரம்: சொல்லும். தினம் பார்க்கிற கண்ணுக்குத்தான் மாற்றம் தெரியும்.

நேர்கோடு: நோட்டைப் புரட்டினாலும் தெரியும்.

கணக்கன்: ரிவாஸ்டிக்மின் பேட்ச் (டிமென்ஷியாவுக்குத் தோலில் ஒட்டும் மருந்து) போடுகிறவர்கள் கவனிக்க. 24 மணி நேரத்துக்கு ஒன்று. பழையதை உரித்த பிறகே புதியது. இரண்டும் ஒட்டியிருந்தால் வாந்தி வரும், நாடித்துடிப்பு இறங்கும். ஒட்டிய அதே இடத்தில் 14 நாளைக்குத் திரும்ப ஒட்டக் கூடாது. பிய்த்துப் போடுகிறவர் என்றால் முதுகில் ஒட்டுங்கள். உடம்புப் படம் வரைந்து தேதியோடு குறித்து வையுங்கள்.

நேர்கோடு: பார்த்தீர்களா, கணக்கனும் நோட்டைத்தான் சொல்கிறார்!

கணக்கன்: உங்களுக்கு நான் சாட்சி இல்லை. மாத்திரையைப் பொடித்துக் கொடுக்கலாம் என்று எழுதின ஆள் நீங்கள். மெல்லக் கரையும் வகையைப் பொடித்தால் முழு மருந்தும் ஒரேயடியாக இறங்கும்.

நேர்கோடு: 'டாக்டரைக் கேட்டு' என்று போட்டிருந்தேனே.

கணக்கன்: நான் கேட்ட பிறகு சேர்த்தீர்கள்.

குருவிக்கூடு: மாத்திரைச் சண்டையை வேறு இழைக்குக் கொண்டுபோங்கள். காலையில் 2 மணி நேரம் ஆள் வாங்கி என்ன பயன்? டிமென்ஷியா வந்தவர்கள் மாலை 4 மணிக்கு மேல்தான், சொந்த வீட்டில் இருந்துகொண்டே "வீட்டுக்குப் போகணும்" என்று கதவை இழுப்பார்கள். அந்த நேரத்துக்கு ஆள் கேளுங்கள்.

தாழ்வாரம்: நேரம் மட்டும் பேசினால் போதாது. முதன்மை ஆள் ஒருவர், மாற்று ஆள் ஒருவர், அதற்கு மேல் வேண்டாம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். மாற்று ஆளை முன்கூட்டியே நேரில் பழக்குங்கள். முதல் சில நாள் வீட்டார் பக்கத்தில் இருக்க, வெறும் பேச்சு மட்டும். குளியல் அப்புறம். குளிப்பாட்டும்போது துண்டால் போர்த்தியபடியே காலில் தொடங்கணும், தலை கடைசியில். மறுத்தால் விட்டுவிட்டு 20 நிமிடம் கழித்துக் கூப்பிடணும். நேர்கோடு அவர்களே, இதில் எதை உங்கள் நோட்டு செய்யும்?

நேர்கோடு: நீங்கள் எழுதியதை அப்படியே நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டினால் எல்லாம் நடக்கும்.

தாழ்வாரம்: ஒட்டுங்கள், படிக்கத்தான் ஆளில்லை! வருகிற ஆட்கள் கிளம்பும்போது முழு நாளையும் ஒரே மூச்சில் நிரப்புவார்கள். எல்லா வேளையும் தண்ணீர் '200 மிலி'.

நேர்கோடு: அது ஆளின் குற்றம். நோட்டு என்ன செய்யும்?

தாழ்வாரம்: ஆள்தான் முக்கியம் என்று முதல் பதிவிலேயே சொன்னேன்.

நேர்கோடு: அந்த ஆளின் திருட்டுத்தனம் எதில் மாட்டியது? நோட்டில்!

கணக்கன்: பொடித்த மாத்திரைக்கு இன்னும் பதில் வரவில்லை.