புதுப்பிப்பு: ஃப்ரீஸ்டைல் நீச்சலில் கால் மூழ்குது, மூச்சு முட்டுது – தீர்வு

கால் கீழே போகிறது, பாதிக் குளத்திலேயே மூச்சு முட்டுகிறது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. இப்போது 25 மீட்டர் நிற்காமல் வருகிறது.

பலித்தது "தண்ணிக்குள்ளயே மூச்சை விடுங்க" என்ற யோசனைதான். முகம் உள்ளே இருக்கும்போதே மூக்கால் தொடர்ந்து குமிழி விட வேண்டும். அடக்கி வைத்துவிட்டுத் தலையைத் திருப்பிய பிறகு விட்டு, இழுக்கவும் பார்த்தால் நேரம் பத்தாது. உள்ளே தேங்கும் கரியமில வாயுதான் அந்த முட்டலுக்குக் காரணம், காற்றுக் குறைவு அல்ல. தலையைத் தூக்காமல் உடம்போடு சேர்த்துத் திருப்புங்கள். ஒரு கண் தண்ணீரிலேயே இருக்கட்டும். தலை ஏறினால் இடுப்பு இறங்கும், கால் தானாக மூழ்கும். மற்ற நேரம் பார்வை நேர் கீழே.

"வேகமா உதைங்க" என்றது உதவவில்லை. முழங்காலை மடக்கி உதைத்தால் மூச்சுதான் தீரும். தொடையிலிருந்து சின்ன உதை, கணுக்கால் தளர்வாக. சைக்கிள் உதைப்பு வேண்டவே வேண்டாம்.

எதிர்பாராதது: நீச்சல் குளத்தில் நேராகப் போனவர்கூடக் கோயில் குளத்தில் கோணலாகப் போவார். கலங்கல் தண்ணீர், அடியில் கோடு கிடையாது. மூன்று கைவீச்சுக்கு ஒரு மூச்சு என்று மூச்செடுக்கும் பக்கத்தை மாற்றினால் ஓரளவு நேராகிறது. நடுநடுவே கண்ணை மட்டும் மேலே உயர்த்திப் படித்துறையைக் குறி பார்த்துக்கொள்ளலாம்.

மேட்டூர் திறந்து ஆற்றில் தண்ணீர் ஓடும்போது அங்கே பழகாதீர்கள். மதகுப் பக்கம் சுழல் இருக்கும். மணல் அள்ளிய பள்ளம் மேலிருந்து தெரியாது.