மறு: மெக்கானிக்கல் வால்வு, பயலாஜிக்கல் வால்வு, தமிழ்ல எப்படிச் சொல்றது?

அண்ணே, கெட்டுப்போன இதய வால்வுக்குப் பதிலா வைக்கிற பயலாஜிக்கல் வால்வுக்கு நீங்க சொன்ன 'உயிரியல் வால்வு' எனக்கு ஒட்டவே இல்ல. உயிரியல்ங்கிறது ஒரு பாடம், அதோட கேக்குறவங்க அது ஏதோ உயிரோட இருக்கு, உடம்போட சேந்து வளரும்னு நெனச்சுப்பாங்க. உள்ள வைக்கிறது பன்னியோட வால்வு, இல்லன்னா மாட்டு இதயத்தைச் சுத்தியிருக்கிற உறையில தச்சது, குளூட்டரால்டிஹைடுங்கிற ரசாயனத்துல பதப்படுத்தும்போதே செல்லெல்லாம் செத்துப்போச்சு, அதனால தன்னைத்தானே சரிபண்ணிக்க முடியாம சுண்ணாம்பு படிஞ்சு ஒரு 10, 15 வருஷத்துல கெட்டுப்போகுது, சின்ன வயசுக்காரங்களுக்கு இன்னும் சீக்கிரம். 'திசு வால்வு' போதும், டாக்டருங்களும் டிஷ்யூ வால்வுன்னுதான் சொல்றாங்க. முன்னாடி 'பன்றித் திசு', 'மாட்டுத் திசு'ன்னு சேத்தே எழுதணும், சிங்கப்பூர்ல மாடான்னு நம்ம இந்துக்களும் கேப்பாங்க, பன்னியான்னு முஸ்லிம் குடும்பங்களும் கேப்பாங்க.

மெக்கானிக்கலுக்கு 'இயந்திர வால்வு'ங்கிறது அதவிட வம்பு. ஈசூன்ல எங்க பக்கத்து வீட்டு ஆன்ட்டி "பேட்டரி எப்ப மாத்துவாங்க?"ன்னு கேட்டாங்க! மோட்டாரும் கிடையாது பேட்டரியும் கிடையாது, ரத்தம் தள்ளுற வேகத்துலயே இதழ் தொறந்து மூடுது. அக்கா சொன்ன 'உலோக வால்வு'ம் சரிவராது, 1960கள்ல வந்த ஸ்டார்-எட்வர்ட்ஸ் வால்வுல கூண்டு உலோகம்தான், ஆனா இப்ப வர்றதுல இதழ் பைரோலிட்டிக் கார்பன். சரி, கரிம வரின்னு செய்தியில கேட்டுப் பழகிட்டோமே, 'கரிம வால்வு'ன்னு வைக்கலாம்னு பாத்தா, திருவனந்தபுரத்து சித்ரா வால்வுல இதழுக்குப் பதிலா இருக்கிற தட்டு பாலிஎதிலீன், அதாவது பிளாஸ்டிக். அதனால 'பொறி வால்வு'. எலிப்பொறி ஞாபகம் வந்தா வரட்டுமே, இதுவும் டிக் டிக்னு மூடுற சாமான்தான், ராத்திரி அமைதியா இருந்தா பக்கத்துல படுத்திருக்கிறவருக்கே கேக்கும்.

இந்தச் சொல்லுங்களுக்கு எழுதுற விளக்கத்துல, ரத்தம் உறையாம இருக்கக் குடுக்கிற வார்ஃபரின் மாத்திரையைத்தான் முதல்ல போடணும். பொறி வால்வுன்னா ஆயுசுக்கும் வார்ஃபரின், புதுசா வந்த ரத்த உறைவுத் தடுப்பு மாத்திரைங்க அதுக்கு ஆகாது, ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகுதுன்னு காட்டுற ஐஎன்ஆர் டெஸ்ட் பாக்க அடிக்கடி போகணும், வார்ஃபரினோட வேலையை மாத்துற கைலான் (சீனக் கீரை), மத்த கீரையெல்லாம் ஒரு நாள் மலையா, ஒரு நாள் சுத்தமா இல்லாமன்னு சாப்பிடாம ஒரே அளவா சாப்பிடணும். திசு வால்வுக்கு வார்ஃபரின் பெரும்பாலும் மொத சில மாசந்தான். அதான் அயோர்ட்டிக் வால்வுக்கு (இதயத்துலேந்து உடம்புக்கு ரத்தம் போற வாசல்ல இருக்கிறது) 50 வயசுக்குக் கீழன்னா பொதுவா பொறி, 65க்கு மேலன்னா திசு, நடுவுல உள்ளவங்க டாக்டரோட பேசித்தான் முடிவு பண்ணணும்.

அப்புறம் வால்வையே 'தடுக்கிதழ்'னு மாத்தணும்ங்கிற பேச்சை இப்ப எடுக்காதீங்க, குழாய் ரிப்பேர் பண்றவர்லேந்து பாட்டி வரைக்கும் வால்வுன்னாதான் புரியும்.