கோட்டைக் கோயிலின் சூலினி துர்க்கை: வழிபட்டவன் எந்த அதியமான்?

தகடூரான்:
தருமபுரி கோட்டை மல்லிகார்ச்சுனர், கல்யாண காமாட்சி கோயிலைப் பற்றிய சென்ற வாரத்துப் பதிவில், "அதியமான் இங்குள்ள சூலினி துர்க்கையை வணங்கிவிட்டுப் போருக்குப் போனான் என்பது வெறும் கட்டுக்கதை" என்று நண்பர் கல்வெட்டு வாசகன் ஒரே வரியில் முடித்துவிட்டார். அந்த வரியை நான் ஏற்கவில்லை. பதினெட்டுப் படிகளின் மேல் காமாட்சி வீற்றிருக்கும் இக்கோயிலில், துர்க்கையின் முகத்தை மட்டும் மற்ற நாள்களில் கண்டுவிட்டு, முழு உருவத்தைக் காண ஆடி மாதச் செவ்வாய்க்காகக் காத்திருக்கும் பெண்கள் பல தலைமுறையாக ஒரே செய்தியைச் சொல்லி வருகிறார்கள். ஓர் ஊர் இவ்வளவு காலம் விடாமல் காத்துவரும் நினைவைப் பொய் என்று தள்ளுபவர்தான் அதற்குச் சான்று தர வேண்டும்.

கல்வெட்டு வாசகன்:
ஐயா, வழிபாட்டை நான் மறுக்கவில்லை, காலக்கணக்கையே மறுக்கிறேன். ஔவையார் பாடிய அதியமான் நெடுமான் அஞ்சி சங்க காலத்தவன். 1981இல் திருக்கோவிலூருக்கு அருகே ஜம்பையில் கண்டறியப்பட்ட தமிழ்பிராமிக் கல்வெட்டு, அவன் துறவியருக்குக் குகைப்பள்ளி ஒன்றை ஈந்ததைச் சொல்கிறது. நாம் இன்று காணும் கோட்டைக் கோயிலின் பழைய பகுதிகளோ இப்பகுதியை ஆண்ட நொளம்பர் என்னும் அரச மரபினரின் காலத்தவை, அதாவது ஒன்பதாம் நூற்றாண்டைச் சார்ந்தவை. சக ஆண்டு 815இல், கி.பி. 893இல், மகேந்திர நொளம்பன் தகடூரின் (தருமபுரியின் பழைய பெயர்) சமண பசதி, அதாவது சமணக் கோயில், ஒன்றுக்கு ஊர் வழங்கிய செய்தியும் கல்வெட்டில் இருக்கிறது. தமிழ்நாட்டில் கல்லில் தெய்வத் திருமேனி வடிக்கும் வழக்கம் பல்லவர், முற்காலப் பாண்டியர் நாளில்தான் பரவலாகிறது. அப்படியிருக்க, அஞ்சியின் கை கூப்பிய திருமேனி இதுதான் என்று எப்படிச் சொல்ல முடியும்? தூண்களையும், அம்மன் கருவறை அடித்தளத்தைச் சுற்றிச் செதுக்கியிருக்கும் இராமாயணக் காட்சிகளையும் உருவாக்கிய சிற்பிகளின் பெருமையை, ஆயிரம் ஆண்டு முந்திய ஒருவனுக்கு எடுத்துக் கொடுப்பது அவர்களுக்குச் செய்யும் அநீதி என்பதே என் வருத்தம்.

தகடூரான்:
கல் இல்லை என்பதால் தெய்வமே இல்லை என்று ஆகிவிடாது. செங்கல்லும் மரமும் உலோகமும் சுண்ணமும் இல்லாமல் கோயில் எடுத்தேன் என்று மகேந்திரவர்மப் பல்லவன் மண்டகப்பட்டில் பெருமையோடு எழுதி வைத்தான் என்றால், அவனுக்கு முன்பு அந்தப் பொருள்களால் ஆன கோயில்கள் இருந்தன என்றுதானே பொருள்? கொற்றவை சங்கப் பாடல்களிலேயே போர்த்தெய்வம். சிலப்பதிகாரத்து வேட்டுவ வரியில் எயினர் வணங்கும் கொற்றவை, வளை அணிந்த கையில் சூலம் ஏந்தி, எருமைத் தலைமேல் நிற்கிறாள். மறவர் வாழ்ந்த மண்ணில், சேரனையே எதிர்த்து நின்ற அஞ்சி, கொற்றவையை வணங்காமலா களம் புகுந்திருப்பான்?

கல்வெட்டு வாசகன்:
வணங்கியிருக்கலாம், நானும் அப்படியே நினைக்கிறேன். ஆனால் 'இருக்கலாம்' என்பதிலிருந்து 'இந்தச் சன்னதி, இந்தத் திருமேனி' என்பதற்குத் தாவும்போதுதான் இடைவெளி விழுகிறது.

காவேரிப்பட்டணம் ஆசிரியை:
இருவரும் அதியமான் என்ற பெயரை ஒரே ஆளுக்கு உரியதாக வைத்துக்கொண்டு வாதிடுகிறீர்கள். எனக்கு அங்கேதான் சிக்கல் தெரிகிறது. அது ஒரு குடியின் பெயர். எட்டாம் நூற்றாண்டில் அதியர் குடியைச் சேர்ந்த குணசீலன் நாமக்கல்லில் குடைவித்த திருமால் குகைக்கோயிலுக்கு அதியேந்திர விஷ்ணுகிருகம் என்றே பெயர். மூன்றாம் குலோத்துங்க சோழன் காலத்தில் தகடூரை ஆண்ட விடுகாதழகிய பெருமாள் என்னும் அதிகைமான் (அதியமான்), போளூருக்கு அருகில் திருமலையில் தன் முன்னோனாகிய எழினி நிறுவிய இயக்கன், இயக்கி என்னும் சமணக் காவல் தெய்வங்களின் திருமேனிகளைப் புதுப்பித்ததாகக் கல்வெட்டே பேசுகிறது. ஆயிரம் ஆண்டுக்குப் பின்னும் எழினியின் பெயரைச் சொல்லித் திருப்பணி செய்த குடி அது. இப்போதுள்ள கோயில் எழுந்த பிறகு தகடூரில் அமர்ந்த அதியமான் ஒருவன் துர்க்கையை வணங்கியிருந்தால், ஊர் நினைவிலும் பிழையில்லை, நொளம்பர் தூணிலும் பிழையில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அஞ்சி இறந்தபோது ஔவையார் பாடிய கையறுநிலைப் பாட்டில், அதாவது இரங்கற்பாட்டில், வருவது கோயில் அன்று. மயிற்பீலி சூட்டிக் கள் படைக்கும் நடுகல். எங்கள் கிருஷ்ணகிரிப் பக்கத்தில் அத்தகைய வீரக்கற்களை இன்றும் வேடியப்பன் என்று கும்பிட்டு, பொங்கல் வைக்கிறோம். அஞ்சியின் காலத்து வழிபாட்டைத் தேடுபவர்கள் கோட்டைக்குள் மட்டும் தேடாமல், ஏரிக்கரையிலும் வயல் வரப்பிலும் மழையில் கரைந்துகொண்டிருக்கும் அந்தக் கற்களையும் பார்க்க வேண்டும்.

தகடூரான்:
அம்மா, விடுகாதழகிய பெருமாள் பற்றிய செய்தி எனக்கு மகிழ்ச்சியே தருகிறது. ஆனாலும் என் பாட்டி பெயர் சொல்லிப் பாடியது ஔவைக்கு நெல்லிக்கனி தந்தவனை; பிற்காலச் சிற்றரசன் ஒருவனை அன்று. அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கல்வெட்டு வாசகன்:
விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை, ஐயா. கோயில் வரலாற்றை எழுதுவோர் 'ஊர் வழக்கு இவ்வாறு சொல்கிறது' என்று அந்தச் செய்தியையும், 'கட்டட அமைதியும் கல்வெட்டும் காட்டுவது நொளம்பர் காலம்' என்று மற்றதையும் தனித்தனியே எழுதட்டும். இரண்டையும் ஒரே வாக்கியத்தில் கலந்து எழுதுவதை மட்டும் நான் தொடர்ந்து எதிர்ப்பேன். 'கட்டுக்கதை' என்ற என் வரி, ஆசிரியை சொன்ன குலோத்துங்கன் காலத்து அதிகைமானைக் கணக்கில் கொள்ளவில்லை என்பதால், அந்தப் பதிவில் அவனைப் பற்றிய பத்தி ஒன்றை இன்றே சேர்க்கிறேன்.