ஆஸ்பத்திரிப் புத்தகத்தில் "வீட்டில் வழுக்கி விழுந்தார்" என்று ஏறிவிட்டது. இனி என்ன செய்யலாம்?

முக்கூடல்காரன் (12 மே 2024):
அப்பா கொத்தனார். மாசிக் கடைசியில் பாளையங்கோட்டையில் ஒரு மாடி வீட்டு வேலையில் சாரம் சரிந்து விழுந்து தொடை எலும்பு முறிந்துவிட்டது. தூக்கிக்கொண்டு போன மேஸ்திரி, ஆஸ்பத்திரியில் "வீட்டில் வழுக்கி விழுந்தார்" என்று சொல்லிவிட்டார். ஏ.ஆர். என்கிற விபத்துப் பதிவுப் புத்தகத்தில் அதுவே பதிவாகிவிட்டது. அப்பா அப்போது வலியில் கத்திக்கொண்டிருந்தார். கான்ட்ராக்டர் ஐயாயிரம் கொடுத்ததோடு சரி, போனை எடுப்பதில்லை. அம்மா பீடி சுற்றும் காசில்தான் வீடு ஓடுகிறது. ஆட்டோவுக்குப் பணமில்லாமல் பிசியோதெரபிக்கு இரண்டு வாரமாகப் போகவில்லை. டாக்டர் வக்கீலைப் பார் என்கிறார். வக்கீல் டாக்டரிடம் எழுதி வாங்கி வா என்கிறார்.

பாளை நர்ஸக்கா:
தம்பி, 31 வருஷம் வார்டில் நின்றவள் நான். "வழுக்கி விழுந்தார்" என்று சீட்டில் இருந்தால் முதலில் கையைத்தான் பார்ப்பேன். நகக்கண்ணில் சிமெண்ட் காய்ந்திருக்கும். டூட்டி டாக்டரைக் குறை சொல்ல முடியாது, கூட வந்தவர் சொன்னதை எழுதுகிறார். அந்த நேரத்தில் சட்டம் தெரிந்த ஒருவர் வார்டில் இருந்திருந்தால் உங்கள் அப்பாவுக்கு இந்த அலைச்சலே இல்லை. இதைப் பலருக்குப் பார்த்து மனசு ஆறவில்லை.

பழைய பதிவை அடித்துத் திருத்தச் சொல்லாதீர்கள். அடுத்த ரிவியூவில் அப்பா தன் வாயாலேயே தேதி, இடம், எவ்வளவு உயரம் என்று டாக்டரிடம் சொல்லட்டும். அதை ஓ.பி. சீட்டில் குறித்துத் தரக் கேளுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, மருந்து பில் எதையும் தொலைக்காதீர்கள். பிசியோவை மட்டும் விட்டுவிடாதே தம்பி. முட்டி இறுகிவிட்டால் பிறகு எவ்வளவு பணம் வந்தாலும் சாரம் ஏற முடியாது.

சட்டத் தன்னார்வலர்:
அக்கா சொல்வது சரி. வேலையில் பட்ட காயத்துக்கு இழப்பீடு தரச் சொல்லும் சட்டம் 1923-லேயே வந்துவிட்டது. இழப்பீடு தனி, வைத்தியத்துக்கு ஆன உண்மைச் செலவு தனி. இரண்டையும் வேலை கொடுத்தவர்தான் தரவேண்டும். விபத்து நடந்து இரண்டு வருஷத்துக்குள் மனு போட வேண்டும். ஏ.ஆர். பதிவு ஒன்றை வைத்து மட்டும் வழக்கு முடிந்துவிடாது, கூட வேலை பார்த்தவர்களின் சாட்சி ரொம்ப முக்கியம். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், வருமானம் குறைந்தவர்களுக்கு வக்கீல் ஃபீஸ் கிடையாது. இலவச சட்ட உதவி எண் 15100-க்குப் போன் செய்தும் கேட்கலாம்.

வார்டிலேயே சட்டம் தெரிந்த ஒருவர் வேண்டும் என்று அக்கா ஆசைப்படுவது நடக்காத காரியமில்லை. அமெரிக்காவில் பாஸ்டன் நகர ஆஸ்பத்திரியில் பாரி ஜுக்கர்மேன் என்ற குழந்தை டாக்டர் 1993-ல் இதைத் தொடங்கினார். மூச்சிரைப்புக்கு எவ்வளவு மருந்து கொடுத்தாலும், பூஞ்சை பிடித்த வாடகை வீட்டுக்கே பிள்ளைகள் திரும்பிப் போனார்கள். வீட்டு உரிமையாளரை அதைச் சரிசெய்ய வைக்க வக்கீல்தான் வேண்டும் என்று ஆஸ்பத்திரிக்குள்ளேயே வக்கீலைச் சேர்த்துக்கொண்டார்.

முக்கூடல்காரன்:
அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். "பதினாலு அடி" என்றார், வேறெதுவும் பேசவில்லை. கூட நின்ற சித்தாள் அக்கா சாட்சி சொல்ல வருகிறாராம். வியாழக்கிழமை ரிவியூ.

பாளை நர்ஸக்கா:
ஒன்பது மணிக்கு ஓ.பி. வாசலில் நிற்கிறேன். பழைய சீட்டெல்லாம் ஒரே பையில் போட்டுக் கொண்டு வா.