துணியில் கோடு: குறை நூலிலா, மிஷினிலா, சாயத்திலா?

பெருமாநல்லூர்_நிட்டிங்:
வணக்கம். நான்கு நிட்டிங் (பின்னல்) மிஷின் வைத்து, கூலிக்குத் துணி பின்னிக் கொடுக்கும் ஜாப் ஒர்க் செய்கிறேன். 30-ஆம் நம்பர் பருத்தி நூல், சிங்கிள் ஜெர்சி (பனியன் துணி). நேவி நீலச் சாயம் ஏறிய துணியில் கோடு தெரிகிறது என்று 6 ரோல் திரும்பி வந்துவிட்டது. சாயப்பட்டறையில் கேட்டால் நிட்டிங் குறை என்கிறார்கள். நூல் கொடுத்தவர் சாயத்தைக் கை காட்டுகிறார். ஃபிட்டரோ ஊசி முழுவதையும் மாற்றச் சொல்கிறார். மாற்றினால் தீருமா? இரண்டு நாளாகத் தூக்கமில்லை.

அவிநாசி_சாலை:
எங்களுக்கும் கோடு விழுந்தது, ஊசி மாற்றியதும் சரியாகிவிட்டது. உடனே மாற்றுங்கள்.

பழைய_ஃபிட்டர்:
தம்பி, பொறுங்கள். 24 டயா (அங்குல விட்டம்), 24 கேஜ் (அங்குலத்துக்கு 24 ஊசி) மிஷினுக்கு ஏறக்குறைய 1,800 ஊசி. அத்தனை காசும் போன பிறகும் கோடு அப்படியே இருந்தால் என்ன செய்வீர்கள்? முதலில் இவற்றுக்குப் பதில் எழுதுங்கள். கோடு நெடுக்கிலா, குறுக்கிலா? எந்த மிஷின் துணியில் இருக்கிறது, எதில் இல்லை? இந்த ‘எதில் இல்லை’யை யாரும் கேட்பதே இல்லை, பாதி விடை அங்கேதான் கிடக்கும். கிரே துணியிலேயே, அதாவது சாயம் ஏறும் முன்பே, தெரிகிறதா? எந்த நாள் ரோலிலிருந்து? அதற்கு முன் மிஷினில் யார் எதில் கை வைத்தார்கள்? கோட்டுக்குக் கோடு எவ்வளவு தூரம்? கடைசிக் கேள்விக்கு ஸ்கேல் வைத்து அளந்து சொல்லுங்கள், கண்மதிப்பு வேண்டாம்.

பெருமாநல்லூர்_நிட்டிங்:
அண்ணா, குறுக்குக் கோடு. இரண்டாம் மிஷின் துணியில் மட்டும்தான். மற்ற மூன்றிலும் அதே லாட் நூல், துணி சுத்தமாக இருக்கிறது. கிரே துணியை ஜன்னலில் பிடித்தேன், மங்கலாகத் தெரிகிறது. எங்கே அளந்தாலும் 4 செ.மீ. இடைவெளி. போன வாரம் செவ்வாய்க்கிழமை ரோலிலிருந்து ஆரம்பம். திங்கள் இரவு ஷிஃப்டில் ஃபீடர் (ஊசிக்கு நூல் கொடுக்கும் பாகம்) பெல்ட்டைக் கழற்றி மாட்டியதாக, மிஷின் ஓட்டும் பையன் கேட்ட பிறகுதான் சொல்கிறான். மிஷினில் 72 ஃபீடர்.

பழைய_ஃபிட்டர்:
ஊசி கெட்டால் கோடு நெடுக்கில் விழும். அவிநாசி நண்பருக்கு அப்படி இருந்திருக்கும். கிரேயிலேயே தெரிவதால் சாயத்தை விட்டுவிடலாம். 72 ஃபீடர் என்றால், ஃபீடருக்கு ஒரு வரிசை வீதம், மிஷினின் ஒரு சுற்றுக்கு 72 வரிசை. செ.மீ.க்கு 18 வரிசை வருகிறதா என்று எண்ணிப் பாருங்கள். வந்தால் 4 செ.மீ.க்குச் சரியாக ஒரு சுற்று, ஆகவே ஒரே ஒரு ஃபீடர். அதில் வேறு லாட் கோன் (நூல் சுற்றிய கூம்பு) ஒன்று கலந்திருக்கலாம், அல்லது ஃபீடர் நூலைக் குறைத்துக் கொடுக்கலாம். கிரே துணியில் கோட்டு வரிசையிலிருந்து 100 லூப் (கண்ணி) நூலை உருவி அளங்கள், பக்கத்து வரிசையிலும் 100. நீளம் ஒன்றாக இருந்தால் கோனைப் பாருங்கள், குறைந்தால் ஃபீடரைப் பாருங்கள். எந்த ஃபீடர் என்று அறிய முதல் ஃபீடரில் சிவப்பு நூல் மாட்டி ஓட்டி, சிவப்பிலிருந்து கோடு வரை எண்ணுங்கள்.

பெருமாநல்லூர்_நிட்டிங்:
செ.மீ.க்கு 18 வரிசைதான் அண்ணா. பக்கத்து வரிசை 28.2 செ.மீ., கோட்டு வரிசை 26.9. எண்ணியதில் 41-ஆவது ஃபீடர். பெல்ட்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவே பஞ்சு அடைந்து வழுக்கியிருக்கிறது. துடைத்து, பெல்ட்டைச் சரியாகப் படிய வைத்து 5 கிலோ ஓட்டினோம், ஜன்னல் வெளிச்சத்தில் கோடு இல்லை. நூல்காரரைக் கடிந்து பேசிவிட்டேன். நாளை நேரில் போய் வருத்தம் சொல்ல வேண்டும்.

பழைய_ஃபிட்டர்:
போய் வாருங்கள். அந்த மிஷினின் கிரே ரோல் மீதம் இருந்தால் வெள்ளைக்கு ஒதுக்குங்கள், அதில் கோடு அவ்வளவாகத் தெரியாது. வாங்குகிறவரிடம் சொல்லிவிட்டே கொடுங்கள்.