கலிபோர்னியா கம்யூனிட்டி கல்லூரியில் நர்சிங்: இரண்டு முறை விண்ணப்பித்தும் இடமில்லை, எங்கே இடிக்கிறது?

ஆரணிக்காரி:

வணக்கம். பே ஏரியாவில் இருக்கிறேன். எச்4 விசா, அதாவது எச்1 வேலை விசாவில் இருப்பவரின் மனைவிக்குக் கிடைப்பது. கிரீன் கார்டுக்கான கணவரின் ஐ-140 மனு ஒப்புதலாகி, எனக்கு வேலை அனுமதி அட்டையும் வந்துவிட்டது. ஊரில் 2009இல் பி.எஸ்சி. உயிர்வேதியியல் முடித்தவள். அதற்குப் பிறகான வருடங்கள் பிள்ளைகளோடு ஓடிவிட்டன. இப்போது வீட்டிலிருந்து இருபது நிமிடத் தொலைவில் உள்ள ஒரு கம்யூனிட்டி கல்லூரியில், ஏ.டி.என். என்கிற இரண்டாண்டு நர்சிங் பட்டத்துக்காக முட்டிக்கொண்டிருக்கிறேன்.

முன்தகுதிப் பாடங்களை இங்கேயே படித்தேன். உடலியங்கியலிலும் நுண்ணுயிரியலிலும் ஏ. இரண்டும் ஐந்து யூனிட். நான்கு யூனிட் உடற்கூறியலிலும் மூன்று யூனிட் ஆங்கிலத்திலும் பி. கூட்டினால் ஜி.பி.ஏ. எனப்படும் தரச் சராசரி நான்குக்கு 3.59. உடற்கூறியலைக் கவிழ்த்தது எலும்புத் தேர்வுதான். மேசைக்கு மேசை நகர வேண்டும், ஒவ்வொன்றிலும் ஒரு நிமிடம். மணிக்கட்டின் எட்டு எலும்புகளும் கம்பியில் கோத்துக் கிடந்தன. இடது கையா வலது கையா என்று நான் புரட்டிக்கொண்டிருக்கும்போதே மணி அடித்துவிட்டது.

டீஸ் நுழைவுத் தேர்வில் முதல் முயற்சியிலேயே 74.

முதல் முறை விண்ணப்பித்தபோது "விண்ணப்பம் முழுமையாக இல்லை" என்று கடிதம் வந்தது. இரண்டாம் முறை "தகுதி உண்டு, தேர்வாகவில்லை" என்றார்கள். அதற்கு மேல் ஒரு வரி விளக்கம் கிடையாது. உடற்கூறியலைத் திரும்பப் படித்து ஏ வாங்கட்டுமா? டீஸை மறுபடி எழுதி 85க்குக் கொண்டுபோகட்டுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மவுண்டன்வியூ மாமா:

சகோதரி, தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இரண்டாண்டுப் பட்டத்தை இந்தக் காலத்தில் யார் மதிக்கிறார்கள்? பேசாமல் தனியார்க் கல்லூரியில் பி.எஸ்.என். என்கிற நான்காண்டு நர்சிங் இளங்கலையில் சேர்ந்துவிடுங்கள். பணம் போனால் சம்பாதித்துக்கொள்ளலாம், வயது போனால் வராது. இன்னொன்று, எச்4 விசாவில் மருத்துவமனைப் பயிற்சிக்கே விடமாட்டார்கள் என்று கேள்விப்பட்டேன்.

இரவுப்பணி நர்ஸ்:

மாமா, கேள்விப்பட்டதையெல்லாம் இறக்கி வைக்காதீர்கள். படிப்பின் பகுதியாகச் செய்யும் பயிற்சிக்குச் சம்பளம் இல்லை, அது வேலை அல்ல. படித்து முடித்து வேலைக்குப் போகும்போதுதான் அனுமதி வேண்டும், அது இவரிடம் இருக்கிறது. ஏ.டி.என். படித்தவரும் பி.எஸ்.என். படித்தவரும் எழுதுவது ஒரே என்க்ளெக்ஸ் ஆர்.என். உரிமத் தேர்வு, வாங்குவது ஒரே உரிமம். பெரிய மருத்துவமனைகள் பி.எஸ்.என். உள்ளவர்களை விரும்புவது உண்மைதான். நான் ஏ.டி.என். முடித்து வேலையில் சேர்ந்து, வேலை பார்த்துக்கொண்டே இணையவழியில் பி.எஸ்.என். முடித்தேன். கம்யூனிட்டி கல்லூரியில் மாநிலவாசிக்கு யூனிட்டுக்கு 46 டாலர். 70 யூனிட் படித்தாலும் 3,220 டாலர். புத்தகமும் சீருடையும் தனி என்று வைத்துக்கொண்டாலும் தனியார்க் கட்டணத்தோடு ஒப்பிட்டுப் பேச இதில் என்ன இருக்கிறது?

ஆரணிக்காரி, உங்கள் இரண்டு யோசனைகளுமே ஆகாது. கலிபோர்னியா கம்யூனிட்டி கல்லூரிகளில் ஒரு பாடத்தில் சி அல்லது அதற்கு மேல் வாங்கிவிட்டால் தரத்தை உயர்த்துவதற்காக அதை மறுபடி எடுக்க விடமாட்டார்கள். பி வந்தால் வந்ததுதான். டீஸில் மாநிலம் வைத்திருக்கும் தேர்ச்சி மதிப்பெண் 62. அதைத் தாண்டிய முதல் மதிப்பெண்ணை மட்டும்தான் எடுத்துக்கொள்வோம் என்று பல கல்லூரிகள் எழுதியே வைத்திருக்கின்றன. உங்கள் கல்லூரியும் அப்படியானால் நீங்கள் 95 வாங்கினாலும் கணக்கில் 74தான். பணத்தைக் கட்டும் முன் விதியைப் படியுங்கள்.

மதிப்பெண்ணில் கோளாறு இருப்பதாக எனக்குப் படவில்லை. இரண்டு விவரம் சொல்லுங்கள். முதல் முறை எந்தத் தாள் குறைந்தது? சேர்க்கைக்குப் புள்ளி கணக்கிடும் படிவத்தில் எந்தெந்தக் கட்டங்களைக் காலியாக விட்டீர்கள்?

ஆரணிக்காரி:

முதல் முறை குறைந்தது பட்ட மதிப்பீடு. முன்பு எனக்கு எச்1 எடுக்க முயன்றபோது வழக்கறிஞர் ஒரு கடிதம் வாங்கித் தந்திருந்தார். என் பட்டம் அமெரிக்க இளங்கலைக்குச் சமம் என்று ஒரே பக்கத்தில் சொல்லும் கடிதம். அதைத்தான் வைத்தேன். இரண்டாம் முறை அந்தத் தொல்லையே வேண்டாம் என்று ஊர்ப் பட்டத்தைக் குறிப்பிடாமலே விட்டுவிட்டேன்.

காலியாக விட்ட கட்டங்கள் மூன்று: வேலை அனுபவம், பிறமொழித் திறன், வாழ்க்கைச் சூழல். அனுபவம் இல்லை. பிறமொழி என்றால் ஸ்பானிஷ் கேட்கிறார்கள் என்று நினைத்தேன். வாழ்க்கைச் சூழல் என்ற இடத்தில் அகதியா, படைவீரரா, மாற்றுத்திறனாளியா என்றெல்லாம் இருந்தது. நான் எதுவும் இல்லை. "குடும்பத்தில் கல்லூரி சென்ற முதல் தலைமுறையா" என்றும் ஒரு வரி இருந்தது. அப்பா எட்டாம் வகுப்பு, அம்மா ஐந்தாம் வகுப்பு. அதைப் போய் எழுதுவது பரிதாபம் தேடுவதுபோல இருந்தது.

சாக்ரமெண்டோக்காரி:

தங்கையே, இதை வாசித்துவிட்டு அடுப்பை அணைத்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

பல அளவுகோல் முறையில், அதாவது மதிப்பெண்ணோடு வேறு தகுதிகளுக்கும் புள்ளி கொடுத்துத் தேர்ந்தெடுக்கும் கல்லூரிகள் எவற்றையெல்லாம் பார்க்க வேண்டும் என்று கலிபோர்னியாவின் கல்விச் சட்டமே சொல்கிறது. பிரிவு எண் 78261.5, நீங்களே எடுத்துப் படிக்கலாம். முந்தைய பட்டம், பாட ஜி.பி.ஏ., மருத்துவத் துறை அனுபவம், வாழ்க்கைச் சூழல், ஆங்கிலம் அல்லாத மொழி, இவையெல்லாம் அதில் உண்டு. மொழிப் பட்டியலில் அரபு, சீனம், பாரசீகம், ரஷ்யன், ஸ்பானிஷ், டகாலோக் என்று போய்க் கடைசியில் இந்தியத் துணைக்கண்டத்தின் பல்வேறு மொழிகள் என்று இருக்கிறது. தமிழ் வேறெங்கே இருக்கிறதாம்? மருந்துச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு விழிக்கும் ஒரு பாட்டியிடம் அவர் மொழியில் பேச ஆள் வேண்டும் என்பதற்காகத்தான் அந்தப் புள்ளி.

முதல் தலைமுறை விஷயத்திலும் அப்படித்தான். அவர்கள் கேட்கிற கேள்விக்கு உண்மையான பதில் உங்களிடம் இருக்கிறது, எழுதுங்கள். இதில் பரிதாபம் எங்கே வந்தது?

எதற்கு எத்தனை புள்ளி, என்ன சான்று என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். சில இடங்களில் தகுதி பெற்றவர்களைக் குலுக்கலில் எடுக்கிறார்கள். அதனால் ஒரே வாசலில் நிற்காமல் வண்டி போகிற தூரத்தில் உள்ள எல்லாவற்றுக்கும் போடுங்கள். பட்டத்துக்கு வழக்கறிஞர் கடிதம் செல்லாது. வெளிநாட்டுப் பட்டங்களை மதிப்பிடும் நிறுவனங்களின் நேசஸ் கூட்டமைப்பில் உள்ள ஒன்றிடம், பாடவாரியாக யூனிட்டும் தரமும் காட்டும் மதிப்பீடு வாங்குங்கள். பல்கலைக்கழகம் டிரான்ஸ்கிரிப்டை முத்திரையிட்ட உறையில் அனுப்ப வேண்டியிருக்கும். ஊரில் யாராவது நேரில் போய் நின்றால்தான் நகரும். இப்போதே ஆரம்பியுங்கள்.

மவுண்டன்வியூ மாமா:

நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். என் மருமகளும் ஊரில் பி.எஸ்சி. நர்சிங் முடித்து வந்திருக்கிறாள். அவளும் இந்த ஏ.டி.என். வரிசையில் நிற்க வேண்டுமா?

இரவுப்பணி நர்ஸ்:

தேவையில்லை, மாமா. நர்சிங் படித்து வந்தவர் மாநில நர்சிங் வாரியத்திடமே நேரடியாக விண்ணப்பிக்கலாம். ஆனால் கலிபோர்னியாவில் ஒரு சிக்கல் உண்டு. ஒவ்வொரு பிரிவின் வகுப்புப் பாடத்தையும் அதன் மருத்துவமனைப் பயிற்சியையும் ஒரே காலத்தில் படித்திருக்க வேண்டும் என்பார்கள். மகப்பேறு பாடம் ஒரு வருடம், அதன் பயிற்சி அடுத்த வருடம் என்றிருந்தால் குறை என்று எழுதி, அந்தப் பிரிவை மட்டும் இங்கே மறுபடி படிக்கச் சொல்வார்கள். இதைத் தனி இழையாகப் போடுங்கள், இங்கே வேண்டாம்.

ஆரணிக்காரி, அனுபவக் கட்டத்துக்கு என் பங்கு. சி.என்.ஏ. எனப்படும் செவிலி உதவியாளர் பயிற்சி இந்த மாநிலத்தில் 160 மணி நேரம். 60 வகுப்பில், 100 நோயாளிகளிடம். சில மாதங்களில் முடித்துவிடலாம். புள்ளி ஒருபுறம் இருக்கட்டும். படுக்கையில் கிடக்கும் ஒருவரை முதுகு நோகாமல் புரட்டிப் போட்டு, நனைந்த விரிப்பை உருவி, புது விரிப்பை விரிக்கும் வேலை உங்களுக்கு ஒத்துவருமா என்று அந்த 100 மணி நேரத்தில் தெரிந்துவிடும். என்னோடு சேர்ந்தவர்களில் இரண்டு பேர் முதல் வாரத்திலேயே பயிற்சியை விட்டுவிட்டார்கள்.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். வெளிமாநிலக் கட்டணமா கட்டிக்கொண்டிருக்கிறீர்கள்?

ஆரணிக்காரி:

ஆமாம். எச்4 என்பதால் அப்படித்தான் என்று கணவர் சொன்னார். யூனிட்டுக்குப் பல மடங்கு ஆகிறது.

சாக்ரமெண்டோக்காரி:

உங்கள் கணவருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். எஃப்1 மாணவர் விசா போன்ற சிலவற்றுக்குத்தான் அந்தத் தடை. எச்4 உள்ளவர், பருவம் தொடங்கும் முன் ஓராண்டும் ஒரு நாளும் இங்கே வசித்து, இங்கேயே நிலைத்திருக்கும் எண்ணத்தையும் காட்டினால் மாநிலவாசியாகக் கணக்கில் வரலாம். வரி தாக்கல், ஓட்டுநர் உரிமம், வாடகை ஒப்பந்தம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு சேர்க்கை அலுவலகத்துக்குப் போங்கள். அஞ்சலில் கேட்காதீர்கள், நேரில் போங்கள்.

ஆரணிக்காரி (ஆறு வாரம் கழித்து):

நேரில் போனேன். கட்டண வகையை அடுத்த பருவத்திலிருந்து மாற்றிவிட்டார்கள். கட்டியது திரும்ப வராது. கணவர் அன்று மாலை பாத்திரம் கழுவினார்.

நர்சிங் ஆலோசகரையும் பார்த்தேன். படிவத்தைத் திருப்பி என் முன்னால் வைத்து, பேனா முனையால் மொழிப் பட்டியலின் கடைசி வரியைத் தொட்டுக் காட்டினார். தமிழ் செல்லும். பள்ளியில் அந்த மொழியைப் படித்ததற்குச் சான்று இருந்தால் போதும் என்றார். 2006இல் எழுதிய பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலை அம்மா பீரோவுக்குள் புடவை மடிப்பில் வைத்திருந்தார். தமிழ், 200க்கு 178. பட்டியல் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருப்பதால் மொழிபெயர்ப்பு கேட்கவில்லை. எதற்கு இது என்று அம்மா கேட்டார். நர்சிங் சேர்வதற்கு என்றேன். "தமிழ் மார்க்குக்கா அமெரிக்காவில் சீட்டு கொடுக்கிறார்கள்?" என்று இரண்டு முறை கேட்டுவிட்டு போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டார்.

முதல் தலைமுறைக் கட்டத்தையும் நிரப்பிவிட்டேன். பட்ட மதிப்பீட்டுக்காக அண்ணன் பல்கலைக்கழகத்துக்கு இரண்டு முறை அலைந்திருக்கிறார், உறை இன்னும் கிளம்பவில்லை. சி.என்.ஏ. வகுப்பு அடுத்த மாதம் தொடங்குகிறது. அதற்குக் காசநோய்ப் பரிசோதனைச் சான்று வேண்டுமாம். வழக்கமான தோல் பரிசோதனைக்கே போகலாமா?

இரவுப்பணி நர்ஸ்:

இடது தோளில் பி.சி.ஜி. தழும்பு இருக்கிறதல்லவா? அப்படியானால் தோல் பரிசோதனை வேண்டாம். ஊசி போட்ட இடம் தடித்து, நோயே இல்லாமல் நோய் இருப்பதாகக் காட்டலாம், பிறகு மார்பு எக்ஸ்ரேவுக்கு அலைய வேண்டும். பி.சி.ஜி. போட்டவள் என்று சொல்லி, குவாண்டிஃபெரான் இரத்தப் பரிசோதனை கேளுங்கள். அன்றே ஹெபடைடிஸ் பி எதிர்ப்புசக்தியையும் பார்த்துவிடச் சொல்லுங்கள். இல்லையென்று வந்தால் மூன்று ஊசி, வழக்கமான அட்டவணையில் ஆறு மாதம் இழுக்கும். இடம் கிடைத்த பிறகு தொடங்கினால் நேரம் போதாது.

உறை கிளம்பியதும் எழுதுங்கள்.