மறுமொழி: ட்ரோல் – பூதமா, தூண்டிலா?

அண்ணா, இணையத்தில் வேண்டுமென்றே ஆட்களைச் சீண்டுபவரைக் குறிக்கும் 'ட்ரோல்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு நீங்கள் தந்த தமிழ்ப் பரிந்துரையோடு எனக்கு ஒரு சின்னக் கொளுவல்.

> நோர்வேக் கதைகளில் வரும் பூதம்தான் ட்ரோல். ஆகவே 'இணையப் பூதம்' பொருத்தம்.

கதையில் பூதம் இருப்பது சரிதான். ஆனால் இணையப் பேச்சுக்குள் சொல் வந்த வழி கடல் வழி என்பதே பெரும்பாலும் ஏற்கப்பட்ட விளக்கம். படகு ஓட ஓட, இரை கட்டிய கயிற்றைப் பின்னால் இழுத்துப் போவதற்கு ஆங்கிலத்தில் ட்ரோலிங் என்று பெயர். 1990களின் தொடக்கத்தில் யூஸ்நெற் என்ற பழைய இணைய உரையாடல் குழுக்களில் பழையவர்கள், பேசி அலுத்த கேள்வி ஒன்றை அப்பாவிபோலப் போடுவார்கள். புதியவர் மினக்கெட்டுப் பதில் எழுதுவார், மற்றவர்கள் சிரிப்பார்கள். செய்பவருக்கும் அதே பெயர் ஒட்டியபோதுதான் பூதமும் வந்து ஏறிக்கொண்டது.

பருத்தித்துறையில் மாமாவோடு ஒருமுறை அறக்குளா மீன் பிடிக்கப் போனேன். அவர் தூண்டிலில் கட்டியது மீன்துண்டுகூட இல்லை, மினுங்கும் பொலித்தீன் கீற்று. "நிண்டா மீன் பாக்காது, ஓடோணும்" என்றார். யூஸ்நெற் கேள்வியும் அந்தப் பொலித்தீன் மாதிரித்தான்.

அப்படியே ஒலிபெயர்க்கலாம் என்பவர்களுக்கு: நம் இலங்கை வழக்கப்படி எழுதினால் அது 'ரோல்', தேநீர்க்கடைக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் தின்பண்டம். ஆளைக் குறிக்க 'ரோலர்' என்றால் இன்னும் மோசம். கரையில் அந்தச் சொல்லுக்கு ஒரே பொருள், 2017இல் இலங்கையில் சட்டம் போட்டுத் தடைசெய்த இழுவைமடித் தொழிலின் படகு.

என் பரிந்துரை 'கொளுவி'. சட்டையை ஆணியில் கொளுவுகிறோம், வேலிப் பிரச்சினையில் அயலவரோடும் கொளுவுகிறோம். கொக்கியும் சண்டையும் ஒரே சொல்லில் ஏற்கெனவே கிடக்கும்போது புதிதாக ஏன் செய்யவேண்டும்? பேச்சுவழக்கு என்று தயங்கவேண்டாம். ராகிங்கும் ஆங்கிலக் கொச்சைதான். பகிடியோடு வதையைச் சேர்த்தோம், இன்று பல்கலைக்கழக அறிவித்தல்களிலும் பகிடிவதைதான்.

ஒரு குறை உண்டு. தமிழ்நாட்டில் ட்ரோல் என்றால் இப்போது மீம் போட்டுக் கலாய்ப்பது. அதைக் கொளுவி தாங்காது. அதற்கு நக்கல் போதும், இரண்டையும் ஒரு சொல்லில் கட்டவேண்டாம்.

அப்புறம் எழுத்து. பலர் 'கொழுவி' என்று எழுதுகிறார்கள். கொழு ஏரில் இருப்பது. இது 'கொள்' வழி வந்தது, என் வாக்கு ளகரத்துக்கு.